வாவித் தண்ணீரில் கழுவிய லொறி

என் சகலனுடைய லொறியை நான் பரிசோதித்த நாளைப் பற்றி எழுதவேண்டும் என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும் வாக்கியம்தான் முதலில் வந்தது. அதை வெட்டிவிட்டு எழுந்துபோய்விடுவேன். இப்போது வெட்டாமல் விடக்கூடிய ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது. அந்த மனிதன் மேல் எனக்குப் பொறாமை. இன்றைக்கும்தான்.

நான் அரசாங்கத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகனாக இருந்து ஓய்வுபெற்றவன். பஸ், லொறி, டிப்பர், தண்ணீர் பவுசர் எதுவானாலும் அது றோட்டில் ஓடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. விபத்து நடந்த இடங்களுக்கும் போவேன். பிழை பிரேக்கிலா, ஓட்டியவரிலா என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறேன். என் சொல்லை நீதவான்கள் திருப்பிக் கேட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியோடு மனைவி வீட்டுக்குப் போவான். அதனால் அக்காவையும் தங்கையையும் முடித்த இரண்டு ஆண்கள், ஒருவரையொருவர் தெரிந்தெடுக்காமலே, ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் சாகும்வரை இருக்க வேண்டியதாகிவிடுகிறது. என் மனைவி மூத்தவள். வாவிக்கரையில் இருந்த தாய்வளவை இரண்டாக்கி றோட்டுப் பக்கத்தை எங்களுக்கும் தண்ணீர்ப் பக்கத்தைத் தங்கைக்கும் கொடுத்தார்கள். நடுவில் வேலி போடவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் என்ன வேலி என்றார்கள்.

நான் கொழும்பில் படித்து, கையில் அரச நியமனக் கடிதத்தோடு அந்த வளவுக்குள் வந்தவன். சில வருடம் கழித்து அவன் வந்தான். அப்போது அவன் வேறொருவருடைய லொறியில் கிளீனராக இருந்தான். தங்கை அவனை விரும்பி முடித்தாள். கல்யாணப் பந்தலில் எல்லோரும் என்னைத்தான் முன்வரிசையில் இருத்தினார்கள். 'மூத்த மருமகன் சேர்' என்று சொல்லி முதல் வெற்றிலைத் தட்டு எனக்குத்தான் வந்தது. அன்றைக்கு அவன்மேல் எனக்கு இரக்கம்கூட இருந்தது. தட்டு எப்போது அவன் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியாது. பிறகு அவன் ட்ரைவரானான். பிறகு சொந்தமாக ஒரு பழைய பெரிய லொறி வாங்கினான். வயல்வட்டையிலிருந்து மில்லுக்கு நெல், சூளையிலிருந்து செங்கல், வாகரைப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குச் சல்லிக்கல் என்று ஓடினான். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழித் தீர்த்தத்துக்கு அயலட்டைச் சனம் முழுவதையும் அந்த லொறியில் ஏற்றிக்கொண்டு போவான். சாமான் லொறியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்று சட்டம் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் நான் மட்டும் பஸ்ஸில் போவேன். என் மனைவி லொறியில் போவாள்.

பின்னேரத்தில் அந்த லொறி ஒழுங்கைக்குள் திரும்பும்போது அவன் ஹோனை இரண்டு தரம் அடிப்பான். நாய்கள் எழும்பி ஓடும். அடுப்படியில் இருந்து தங்கை வருவாள். எங்கள் வீட்டில் இருந்து என் மனைவியும், ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, 'வந்திட்டார் மகாராசா' என்று சொல்லியபடி இறங்கிப் போவாள். எனது அரசாங்க ஜீப் அத்தனை வருடம் அதே ஒழுங்கைக்குள் வந்திருக்கிறது. ஒரு கோழியாவது எழும்பியதில்லை.

மச்சானும் மச்சாளும் பகிடி பண்ணலாம் என்பது எங்கள் சனத்தின் வழக்கம். யாரும் அதில் பிழை பிடிக்கக்கூடாது. பிடித்தால் பிடித்தவன்தான் சின்ன மனிசன். அவனும் என் மனைவியும் பகிடியில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

"மச்சாள், உங்கட மனுசன் சிரிச்சா கவுண்மேந்துக்கு வரி கட்டவேணுமோ?" என்பான், எனக்குக் கேட்கவேண்டும் என்றே.

"அதுக்கு முதல்ல பரிசோதிச்சு சேர்டிபிக்கேட் எழுதோணும் மச்சான். அவரே எழுதி அவரே ஒப்பம் வைக்கோணும். எப்ப முடியிற?" என்பாள் அவள்.

அவள் சிரிப்பு நீண்டது. மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்து, திரும்பத் தொடங்கும். அந்தச் சிரிப்பை என் பேச்சு ஒருநாளும் வரவழைத்ததில்லை. வழக்கப்படி எனக்கும் அவள் தங்கையோடு பகிடி பண்ணும் உரிமை இருந்தது. ஒருமுறை முயன்றேன். நான் ஏதோ கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டது.

இனி அந்தத் தண்ணீர் விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் லொறியைப் பின்பக்கமாக இறக்கி, பின் சில்லுகள் வாவிக்குள் நிற்கும்படி நிறுத்துவான். வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவுவான். அடிப்பக்கத்துக்கு ஒரு சின்னப் பம்ப் வைத்து வாவித் தண்ணீரையே பீச்சுவான். வேலியோரத்து ஆட்கள் வந்து கூடுவார்கள். தங்கை கிழங்கு அவித்துக் கொண்டுவருவாள். என் மனைவி சாய்ந்து கிடக்கும் தென்னையில் உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் இன்னும் சேறு இருக்கிறது என்று காட்டுவாள். அது கழுவுதல் அல்ல, வாராவாரம் ஒரு சின்னத் திருவிழா.

வாவித் தண்ணீர் கடல் தண்ணீர் அல்ல என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. மாரியில் அது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்தான். வாயில் விட்டால் சப்பென்று இருக்கும். மாடுகூடக் குடிக்கும். ஆனால் மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு கடல் உள்ளே ஏறும். கோடை முழுவதும் அது உப்பு. நாக்குக்குப் பழகிப்போன உப்பு என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கடற்கரையில் லொறியைக் கழுவச் சொன்னால் அவனே சிரித்திருப்பான். வாவியில் கழுவுவதை ஒரு தவறென்று அவன் கனவிலும் நினைக்கமாட்டான். அந்தத் தண்ணீர் சேசிஸின் இடுக்குகளிலும் குழாய்ப் பிடிகளுக்குள்ளும் போய்த் தங்கிவிடும். ஈரம் காய்ந்துவிடும், உப்பு நிற்கும். இதை நான் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ ட்ரைவர்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு. 'கிணற்றுத் தண்ணியில கழுவுங்க' என்று.

அவனுக்குச் சொல்லவில்லை. முதல் ஞாயிறு சொல்லத்தான் இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் அவன், "அண்ணன், வாங்க, சாறத்த மடிச்சுக் கட்டிட்டு இறங்குங்க. ஒரு வாளி நீங்களும் ஊத்துங்க" என்றான். உண்மையான அன்போடுதான் கூப்பிட்டான். என் மனைவி தென்னையில் இருந்தபடி, "அவரா? அவர் தண்ணிக்குள்ள இறங்கினா மையெல்லாம் கரைஞ்சு போயிரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு மேலே ஏறிவந்து பேப்பரை விரித்தேன்.

அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்த மௌனம் எனக்கு இனிக்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் எல்லோரும் அங்கே கூடி நின்று தங்கள் கையாலேயே அந்த லொறியை அரித்துக்கொண்டிருக்கிறார்கள், அது எனக்கு மட்டும் தெரியும். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் விறாந்தையில் இருந்து நான் பார்த்தது அதைத்தான்.

போன வருடம் மாரி வேளாண்மை அறுவடைக்குக் கொஞ்சம் முந்தி அவன் என்னிடம் வந்தான். லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்கவேண்டும். அதைக் கொடுப்பதற்கு இப்போது அனுமதி பெற்ற கராஜ்கள் இருக்கின்றன.

"அண்ணன், கராஜுக்குக் கொண்டுபோக முந்தி நீங்க ஒருக்காப் பாத்துத் தாங்க. அவன் பாஸ் பண்ணுவான். அவன்ட பாஸ் எனக்கு என்னத்துக்கு? நீங்க ஓம் எண்டாத்தான் எனக்கு நித்திரை வரும்."

பக்கத்தில் நின்ற தங்கையிடம் திரும்பி, "எங்கட அண்ணன் பாத்தா லொறி வாய் திறந்து நோவு சொல்லும், தெரியுமா?" என்றான்.

இப்படிக் கேட்கப்படுவதற்காகத்தான் நான் அத்தனை வருடம் காத்திருந்தேன் போல. பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சுத்தியலும் ஸ்க்ரூட்ரைவரும் டோர்ச்சும் அலவாங்கும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போனேன். காலை வெயில். தங்கை வீட்டு முற்றத்தில் லொறி நின்றது. இரண்டு பெண்களும் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள்.

ஒழுங்காகத்தான் பார்த்தேன். அதில் நான் குறை வைக்கவில்லை. சில்லு நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். இறுகிய நட்டு கணீரென்று பேசும். தளர்ந்தது அடைத்த குரலில் பேசும். முன் சில்லை ஜக்கில் தூக்கி அலவாங்கால் நெம்பி ஆட்டம் பார்த்தேன். வில்லுத் தகடுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலை ஓட்டினேன். டயர், விளக்கு, ஸ்டியரிங், ஹோன். பிறகு பாயை விரித்து அடியில் போனேன்.

அந்த லொறி பழைய வகை. முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில்தான் போகும். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் எல்லாச் சில்லுக்கும் பிரேக் இல்லை. பின் அச்சுக்கு மேலால் போகும் குழாயில் டோர்ச்சை அடித்தேன். ஸ்க்ரூட்ரைவரால் மெல்லச் சுரண்டினேன். துருக் கறள் பொருக்குப் பொருக்காக என் முகத்தில் விழுந்தது. பொருக்குக்குக் கீழே இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் தாளைப் போல ஒரு தோல்தான் இருந்தது. குழாயைச் சேசிஸோடு பிடித்திருந்த பிடிக்குள் விரல் நுனியளவு ஈரம். தொட்டு மணந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை, எண்ணெய்.

உத்தியோகத்தில் இருந்தபோது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. இப்படி ஒன்றைக் கண்டால் அடியில் இருந்து வெளியே வந்ததும் ஒன்றும் பேசமாட்டேன். முதலில் கையை நீட்டுவேன். சாவியைத் தா. சாவி என் சட்டைப் பைக்குள் போன பிறகுதான் விளக்கம் சொல்வேன். சொல்லை மறக்கலாம், சாவி இல்லாமல் ஓடமுடியாது. இதை நான் எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றைக்கு லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது வெளியே அவன் குரல் கேட்டது.

"மச்சாள், இந்தக் காலப் பாருங்க. லொறிக்குப் புதுசா ரெண்டு சில்லு முளைச்சிரிக்கி. காத்துத்தான் கொஞ்சம் காணாது."

என் மெலிந்த கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என் மனைவி சிரித்தாள். மூச்சு வாங்கி, நிறுத்தி, திரும்பச் சிரித்தாள்.

நான் வெளியே வந்தேன். கையை நீட்டவில்லை. புழுதியைத் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும் குரலில் குறைகளைச் சொல்லத் தொடங்கினேன். இடப்பக்கம் சேறு தடுக்கும் றப்பர் இல்லை. பின் விளக்கு மங்கல். ஒளி அடிக்கும் பட்டி கிழிந்திருக்கிறது. ஹோன் சத்தம் சட்டத்துக்குக் கூட. கண்ணாடியில் சாமிப் படம் பார்வையை மறைக்கிறது. கதவுப் பிடி ஆடுகிறது. இருக்கை கிழிசல். பெயின்ற். ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் முகம் சிறுத்துக்கொண்டு போனதைக் கண்டேன், இன்னும் சொன்னேன். அந்தக் குப்பைகளுக்கு நடுவே, அதே குரலில், "பின்னுக்கு பைப்பிலயும் கறள் இருக்கு" என்றேன்.

சொன்னேன். அது உண்மை. இதற்குப் பிறகு பல மாதம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நிமிர்ந்து நடந்தேன்.

அவன் தன் லொறியை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தான். பிறகு பழைய சிரிப்பு வந்துவிட்டது. "வாவிக்கரையில கறள் புடிக்காத சாமான் எது அண்ணன்? மச்சாள்ட மூக்குத்தியும் கறள் புடிச்சுத்தான் இரிக்கி." எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி மட்டும் இம்முறை சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "சந்தோசமா? அந்த மனுசன்ட முகத்தக் கரியாக்கிட்டீங்க" என்றாள்.

கராஜில் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். அதுதான் என் விருப்பமும். அவன் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பத்துப் பேர் முன்னால் கராஜ்காரன் அந்தக் குழாயைத் தொட்டு, 'இதையா ஓட்டிக்கொண்டு திரிஞ்சாய்' என்று கேட்கவேண்டும், அவன் தலை குனியவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஆனால் வெறும் லொறியை ஓட்டி, பிரேக்கை அடித்துப் பார்த்தால் அது நிற்கும்தான். பாரம் ஏற்றி, பயத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் அந்தத் தோல் கிழியும். அவன் புது றப்பரும் புது விளக்கும் போட்டு, சாமிப் படத்தைக் கழற்றி, நான் சொன்ன குறைகளில் கண்ணுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் தீர்த்துவிட்டுப் போனான். சான்றிதழோடு வந்து என் கையில் அதைக் காட்டி, "உங்கட புண்ணியம் அண்ணன்" என்றான். ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்தான்.

அதன்பிறகு நாள்தோறும் அந்த லொறி விடியப் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரடியனாற்றுக்கு அப்பால் ஒரு வட்டையில் என் மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் இருக்கிறது. குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அறுவடை முடிந்ததும் புதிர் எடுக்கக் கொஞ்சம் நெல்லை வயற்காரியே தன் கையால் அள்ளி வரவேண்டும் என்பது அவள் பிடிவாதம். புது அரிசியில் முதல் பொங்கும் அந்தச் சோற்றைத்தான் புதிர் என்போம். வழமையாகப் பஸ்ஸில் போய்வருவோம். அன்று விடியவே டவுனுக்குப் போன நான் மத்தியானம் திரும்பி வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. சோறு மூடி வைத்திருந்தது. பக்கத்து வீட்டிலும் கதவு பூட்டு.

ஒழுங்கையில் நின்ற பெண் சொன்னாள், "அக்காவும் தங்கச்சியும் லொறியில போயிட்டாங்க. மில்லுக்கு நெல் ஏத்தப் போறாராம், அதோட."

எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன். என்னிடம் சொல்லாமல் அவனோடு போய்விட்டாளே என்பதுதான் முதலில் வந்தது. முன் இருக்கையில் நடுவில் யார் இருப்பார்கள் என்று யோசித்தேன். கியரை மாற்றும்போது அவன் என்ன பகிடி சொல்வான் என்று யோசித்தேன். தண்ணீர் குடிக்கப் போனவன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றபோதுதான் மற்றது வந்தது. போகும்போது வெறும் லொறி. வரும்போது பாரம்.

அவனுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்கமாட்டான். அந்த ஒழுங்கு அவனிடம் இருந்தது. மனைவியின் போனுக்கு அடித்தேன். அவள் எடுத்தாள். பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"என்ன, பசிக்குதா? சோறு மூடி வச்சிரிக்கன்."

"எங்க நிக்கிறீங்க?"

"நெல் ஏத்தியாச்சு. வந்துகொண்டிரிக்கம். மழை இருட்டிக்கொண்டு வருது."

"லொறிய நிப்பாட்டச் சொல்லு. இறங்குங்க ரெண்டு பேரும்."

அவள் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு நான் அவர்ட லொறியில ஏறினது புடிக்கல்ல. அதானே? தலை நரைச்சும் உங்கட இந்தக் குணம் போகல்ல. பக்கத்தில தங்கச்சி இரிக்காள், வெக்கமாக் கிடக்கு, வைங்க போன" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வருடமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒளித்துவைத்ததாக நினைத்த ஒன்றை அவள் சமையலறைச் சாமானைப் போலத் தினமும் தூசி தட்டி வைத்திருந்திருக்கிறாள்.

"வைக்காத. கேளு," என்று கத்தினேன். "பின் பிரேக் பைப் தாள் மாதிரிக் கிடக்கு. எண்ணெய் கசிஞ்சதத் தொட்டுப் பாத்தன். பாரத்தோட அமத்தினா வெடிக்கும். ஒரு சில்லுக்கும் பிரேக் இரிக்காது."

"இத அண்டைக்கே சொன்னீங்களா?"

"சொன்னன். கறள் எண்டு சொன்னன்தானே."

"இப்பிடிச் சொன்னீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததைப் பெண்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் முழுக்க நம்பவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. மழை வந்தால் ஊரார் நெல் நனையும். "மெல்லமாப் போவம் மச்சாள். மில்லுல இறக்கிட்டு நேர கராஜுக்குத்தான்" என்று சொல்லி, கியரைக் குறைத்து, ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கூடவாக ஓட்டியிருக்கிறான். கிளை றோட்டில் இருந்து ஒரு உழவு இயந்திரம், பெட்டி நிறைய அறுவடைக்குப் போன ஆட்களோடு, திடீரென்று குறுக்கே ஏறியது. பிரேக்கை மிதித்தான். பெடல் அடிமட்டம் போனது. இடப்பக்கம் திருப்பினால் வாய்க்கால் கட்டும் மதகும். லொறிக்குள்ளும் அந்தப் பக்கத்தில்தான் பெண்கள் இருந்தார்கள். வலப்பக்கம் திருப்பினான். றோட்டைக் குறுக்கறுத்து அவன் பக்கக் கதவு மருதமரத்தில் மோதியது.

நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தங்கையும் கூடப் போய்விட்டாள். என் மனைவி நெற்றியில் சிராய்ப்போடு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு பொலிஸ்காரர் என்னை அடையாளம் கண்டு, "சேர், நல்ல வேளை வந்தீங்க. என்னெண்டு ஒருக்காப் பாருங்க" என்றார். பழைய பழக்கத்தில் குனிந்து அடியில் பார்த்தேன். அதே இடம். அதே பிடிக்குப் பக்கத்தில் குழாய் வாய் பிளந்திருந்தது.

"கறள். நான் முதலே சொல்லியிருந்தன்" என்றேன்.

என் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான். "அண்ணன் சொன்னவர். நான்தான் பகிடியா எடுத்திட்டன். போன்லயும் சொன்னவர். இல்லாட்டி வேகமா வந்திருப்பன், மூண்டு பேரும் முடிஞ்சிருப்பம்." ஆஸ்பத்திரி வார்டில் சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது, வெற்றிலைத் தட்டு மறுபடி என் பக்கம் வந்துவிட்டது போல. அதைவிட ஒன்று. பெண்கள் இருந்த பக்கத்தைக் காப்பாற்றத் தன் பக்கத்தைக் கொடுத்தான் என்று ஊரே பேசியது. அவன் கால் போன அந்த வாரத்திலும் அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் அந்த இருக்கையில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் திருப்பியிருப்பேன் என்ற கேள்வியை என் மனைவியும் நினைத்திருப்பாளோ என்றுதான் என் மனம் ஓடியது.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையிடம்கூட. எனக்குச் சோறு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், தேவையான வார்த்தைகளைப் பேசினாள். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "நான் சொல்லமாட்டன். நீங்களே போய்ச் சொல்லுங்க. எனக்கு அந்த வீட்டுப் படியில கால் வைக்கேலாமக் கிடக்கு" என்றாள்.

அன்று பின்னேரமே போனேன். அவன் வாவியைப் பார்த்தபடி சாய்கதிரையில் இருந்தான். ஊன்றுகோல் பக்கத்தில். "வாங்க அண்ணன்" என்று எழும்பப் பார்த்தான். நான் நின்றபடியே சொன்னேன். வாவித் தண்ணீர் அரிக்கும் என்று முதல் ஞாயிறே தெரியும் என்பதை. குழாயைச் சுரண்டியதை, எண்ணெயை மணந்ததை. உத்தியோகத்தில் என்றால் சாவியை வாங்கியிருப்பேன், அன்றைக்கு வாங்கவில்லை என்பதை. குப்பைக் குறைகளுக்குள் அதை ஒளித்துச் சொன்னதை. ஏன் என்பதையும் சொன்னேன். பொறாமை என்ற சொல்லையே சொன்னேன்.

கோபப்படுவான் என்று நினைத்தேன். வேறு ஏதாவது பகிடி சொல்லித் தள்ளிவிடுவான் என்றும் ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். அவன் கேட்டது இதைத்தான்.

"மச்சாள் ஏறின அண்டைக்குப் போன் எடுத்தீங்க. நான் தனிய ஓடின நாளெல்லாம்?"

"எடுக்கல்ல" என்றேன்.

"நான் போறதப் பாத்துக்கொண்டா இருந்தீங்க?"

"ஓம்."

அவன் தலையை ஆட்டினான். "சரி. போங்க" என்றான். அண்ணன் என்ற சொல் அதில் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

வீடுகள் எங்களுடையவை அல்ல, எங்கள் மனைவிமாருடையவை. அதனால் நாங்கள் இருவரும் எங்கேயும் போகவில்லை. வேலி இல்லாத வளவில் காலையில் எழும்பினால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறோம். தங்கை என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். என் மனைவி இப்போது அந்த வீட்டுக்குப் போய்வருகிறாள். அவனோடு பேசுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் காது அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

போன மாதம் அவன் வேறொரு லொறியை, அதுவும் பழையதுதான், வாங்குவதற்காக முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஓட்டுவதற்கு ஆள் வைக்கப்போகிறானாம். அதைப் பார்த்துச் சொல்ல ஓட்டமாவடிப் பக்கத்தில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தான். நடுத்தர வயது, தொப்பி போட்ட ஆள். நான் விறாந்தையில் இருந்தேன். அந்த ஆள் முன் சில்லைத் தூக்காமலே ஆட்டம் பார்த்தார். நட்டுகளைத் தட்டிய விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எழும்பிப் போய், 'இப்படி இல்லை' என்று அந்தச் சுத்தியலை வாங்கிவிட என் கை துடித்தது.

பிறகு அவர் அடியில் போனார். வெகுநேரம் கிடந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவனிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவன் ஊன்றுகோலில் முழுப் பாரத்தையும் கொடுத்து, முகத்தை அவர் பக்கம் நீட்டி, ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுபோய் அந்த ஆளின் கையில் கொடுத்துவிட்டு, அவளும் நின்று கேட்டாள்.

அவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அந்த முன்பின் தெரியாத மனிதன்மேல் எனக்கு வந்த பொறாமையைப் போல, என் சகலன்மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.